குலுக்கல் முறையில் ஓர் ஊர்

உத்திரமேரூர்க் கல்வெட்டைத் தொடாமல் தமிழில் உள்ளாட்சி பற்றிய எந்த மேடைப்பேச்சும் நிறைவடைவதில்லை. முதலாம் பராந்தகன் காலத்தில், கி.பி. 919-லும் 921-லும் வெட்டப்பட்ட அக்கல்வெட்டுகள் குடவோலை முறையை விரிவாகச் சொல்கின்றன. தகுதியுடையோர் பெயர்களை ஓலைகளில் எழுதிக் குடத்திலிட்டுக் குலுக்கி, விவரமறியாச் சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுக்கச் செய்வது அம்முறை. சொந்த நிலமும் வேதக் கல்வியும் உடைய பிராமணர்களின் சபைக்குள் நடந்த தேர்வு அது என்பதால், அதை இன்றைய பொருளில் ஜனநாயகம் என்று கொண்டாடுவது மிகை. ஆனால் அதன் பின்னுள்ள சிந்தனை கூர்மையானது. முன்பு பொறுப்பிலிருந்து கணக்குக் காட்டாதவர்கள் விலக்கப்பட்டார்கள். கூடவே அவர்களுடைய நெருங்கிய உறவினர்களும் விலக்கப்பட்டார்கள். பொதுச்சொத்து உறவின் வழியே கசிந்துவிடக் கூடாது என்ற கவலை அக்கல்வெட்டின் ஒவ்வொரு விதியிலும் தெரிகிறது. குலுக்கல் என்பது அடிப்படையில் உறவை அறுக்கும் ஒரு கருவி. ஏரி வாரியத்துக்கும் தோட்ட வாரியத்துக்கும் ஆளெடுக்கையில் அது அறுக்க வேண்டியதைத்தான் அறுத்தது.

அதே கருவியைக் கொண்டு, யாருக்கு யார் அண்டை வீட்டுக்காரர் என்று தீர்மானித்தால் என்ன ஆகும்? இது கற்பனைக் கேள்வி போலத் தோன்றலாம். ஆனால் உலகின் பல நகரங்களில், பேரிடருக்குப் பின்னும் குடியகற்றலுக்குப் பின்னும், வீடிழந்தவர்களுக்கு வீடுகள் குலுக்கல் முறையில்தான் ஒதுக்கப்படுகின்றன. சென்னையிலும் அதுவே வழக்கம். இதில் யாருக்கும் குறை சொல்லத் தோன்றுவதில்லை. சிபாரிசு இல்லை, கையூட்டு இல்லை, வட்டச் செயலாளரின் தலையீடு இல்லை. சீட்டு எடுத்தோம், எண் வந்தது, சாவி வாங்கினோம். இவ்வளவு நேர்மையான ஓர் ஏற்பாடு மனிதர்களைக் கொல்லக்கூடும் என்பதை உலகம் கவனித்தது 1995-இல்தான்.

*

அவ்வாண்டு ஜனவரி 17 அதிகாலை ஜப்பானின் கோபே நகரை நிலநடுக்கம் தாக்கியது. பின்விளைவுகளால் இறந்தோரையும் சேர்த்து 6,434 பேர் மாண்டனர். இடிபாடுகளிலிருந்து மீட்கப்பட்டவர்களில் பெரும்பாலோரை மீட்டவர்கள் தீயணைப்புத் துறையினரோ ராணுவத்தினரோ அல்லர். குடும்பத்தினரும் அண்டை வீட்டாரும்தான். இது எளிதில் விளங்கக்கூடியதே. பக்கத்து வீட்டுப் பாட்டி எந்த அறையில் படுப்பாள் என்பது பக்கத்து வீட்டுக்காரருக்குத் தெரியும். எந்த இடத்தில் தோண்ட வேண்டும் என்பதும் ஆகவே அவருக்குத்தான் தெரியும். எந்த வரைபடத்திலும் இல்லாத தகவல் இது.

அடுத்து நடந்ததுதான் நம் கவனத்துக்குரியது. வீடிழந்தவர்களுக்காக அரசு விரைந்து 48,000-க்கும் மேற்பட்ட தற்காலிக வீடுகளைக் கட்டியது. நகரின் நடுவே நிலமில்லாததால் பல குடியிருப்புகள் புறநகர்க் குன்றுகளிலும் கடலைத் தூர்த்த தீவுகளிலும் அமைந்தன. ஒதுக்கீடு குலுக்கல் முறையில் நடந்தது. முதியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் முன்னுரிமை தரப்பட்டது. இதைவிடக் கருணையான விதியை எந்த அதிகாரியும் எழுதியிருக்க முடியாது. விளைவு, ஒருவரையொருவர் அறியாத முதியவர்கள் அருகருகே, நடமாட்டமில்லாத வரிசைகளில் குடியேறினார்கள். காலையில் கதவு திறக்காவிட்டால் ஏன் என்று கேட்க ஆளில்லை. யாருமறியாமல் இறந்து சில நாட்களோ வாரங்களோ கழித்துக் கண்டெடுக்கப்பட்டவர்கள் அத்தற்காலிக வீடுகளில் மட்டும் 200-க்கும் அதிகம். 'கோதொகுஷி', அதாவது தனிமைச் சாவு, என்ற சொல் ஜப்பானியப் பொதுப்பேச்சில் அழுத்தமாக ஊன்றியது அப்போதுதான்.

அதே கோபேயில், நாகாதா வட்டாரத்தில், மானோ என்ற பகுதி இருக்கிறது. சிறு ஆலைகளும் நெருக்கமான மரவீடுகளும் கொண்ட, எந்த நகரமைப்பு வல்லுநரும் இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டத் துடிக்கும் பகுதி. அங்கு 1960-களிலேயே ஆலைமாசுக்கு எதிராகக் குடியிருப்பாளர்கள் திரண்டார்கள். அப்போராட்டம் முடிந்த பின்னரும் அவர்கள் கலையவில்லை. சிறு பூங்காக்கள் அமைத்தார்கள், முதியோர் பராமரிப்பைக் கவனித்தார்கள், தம் பகுதிக்கான திட்டத்தைத் தாமே வரைந்து நகராட்சியுடன் பேசினார்கள். நிலநடுக்கத்தன்று தீ பரவியபோது அவர்கள் வரிசையாக நின்று வாளிகளைக் கைமாற்றினார்கள். அருகிலிருந்த தொழிற்சாலையின் தீயணைப்புக் குழுவும் சேர்ந்துகொள்ள, தீ அடங்கியது. அதே வட்டாரத்தின் மிகூராவில் மக்கள் செய்வதறியாமல் தீயைப் பார்த்து நின்றார்கள். அரசியல் அறிஞர் டேனியல் ஆல்ட்ரிச் 2012-இல் வெளியிட்ட நூலில் இவ்விரு பகுதிகளையும் ஒப்பிட்டிருக்கிறார். வாளிகள் இரண்டு இடத்திலும் இருந்தன. மானோவில் வாளியை யாரிடம் கொடுப்பது என்பதும் தெரிந்திருந்தது.

*

அதே 1995-இன் ஜூலையில் அமெரிக்காவின் சிகாகோ நகரில் வெப்ப அலை வீசியது. 13-ஆம் தேதி வெப்பநிலை 41 பாகை செல்சியஸைத் தொட்டது. சென்னைக்காரர்கள் சிரிக்கக்கூடும். ஆனால் செங்கல் அடுக்ககங்களில் ஜன்னலை மூடி வாழும் நகரத்துக்கு அது பேரிடர். வழக்கமான எண்ணிக்கையை விடக் கூடுதலாக 739 பேர் இறந்தார்கள். பிணவறையில் இடமின்றிக் குளிரூட்டப்பட்ட லாரிகளில் உடல்களை அடுக்கினார்கள். சமூகவியலாளர் எரிக் கிளைனென்பெர்க் இம்மரணங்களை ஆராய்ந்து 2002-இல் 'ஹீட் வேவ்' என்ற நூலை எழுதினார். பேரிடர் பற்றி அண்மைக் காலத்தில் எழுதப்பட்ட முக்கியமான நூல்களில் ஒன்று அது.

அந்நூலின் மையத்தில் இரண்டு பகுதிகள் இருக்கின்றன: வடக்கு லான்டேலும் தெற்கு லான்டேலும். இரண்டும் ஒட்டியவை. இரண்டிலும் ஏழை முதியோரும் தனித்து வாழும் முதியோரும் ஏறத்தாழ ஒரே விகிதத்தில் இருந்தார்கள். வெயிலும் ஒன்றே. ஆனால் வடக்கில் ஒரு லட்சம் பேருக்கு 40 பேர் இறந்தார்கள். தெற்கில் 4 பேர். வடக்கில் பெரும்பாலோர் கறுப்பினத்தவர், தெற்கில் பெரும்பாலோர் லத்தீன் அமெரிக்கர். லத்தீன் அமெரிக்கர்களுக்குக் குடும்பப்பாசம் அதிகம் என்று கூறி நகர்ந்துவிடுவது எளிது. கிளைனென்பெர்க் அப்படி நகரவில்லை. அவர் தெருவைப் பார்த்தார்.

தெற்கின் 26-ஆம் தெருவில் கடைகள் நெரிந்தன. ரொட்டிக்கடை, காய்கறிக்கடை, தேவாலயம், நடைபாதை வியாபாரம் என்று எப்போதும் ஆள் நடமாட்டம். தனியே வாழும் முதியவர்கூட ஏதோ ஒரு காரணத்துக்காகக் கீழே இறங்கினார். வெயிலில் ஒரு கடைக்குள் ஒதுங்கினார். நாலுபேர் கண்ணில் பட்டார். வடக்கு வேறு மாதிரி இருந்தது. வேலை தந்த பெரும் ஆலைகள் ஒவ்வொன்றாக வெளியேறியிருந்தன. 1968-இல் மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்டபோது எரிந்த கடைத்தெருக்கள் மீண்டும் கட்டப்படவே இல்லை. 1960-இல் சுமார் 1,25,000 ஆக இருந்த மக்கள்தொகை 1990-இல் 50,000-க்கும் கீழே இறங்கியது. காலிமனைகளும் புதரும் பயமும் மிஞ்சின. முதியவர்கள் கதவையும் ஜன்னலையும் தாழிட்டு உள்ளேயே இருந்தார்கள், உள்ளேயே இறந்தார்கள். இது இனப்பண்பு அல்ல என்பதற்குச் சான்று அதே நகரிலேயே இருக்கிறது. கறுப்பினத்தவர் மிகுந்த ஆபர்ன் கிரெஷம் பகுதி வெப்ப அலையை மிகக் குறைந்த உயிரிழப்போடு தாண்டியது. அங்கே கடைகளும் தேவாலயங்களும் மக்கள்தொகையும் குலையாமல் இருந்தன.

வடக்கு லான்டேல் தானாகப் பாழாகவில்லை. கறுப்பினத்தவர் பகுதிகளைச் சிவப்பு வண்ணத்தில் தீட்டி, கடன் கொடுப்பது ஆபத்து என்று குறித்த வரைபடங்கள் 1930-களில் அரசு நிறுவனம் ஒன்றால் தயாரிக்கப்பட்டவை. எந்தப் பகுதியில் முதலீடு, எந்தப் பகுதியில் புறக்கணிப்பு என்பது அறுபது ஆண்டுகளுக்கு முன்பே காகிதத்தில் முடிவாகிவிட்டது. வெயில் வந்து அதை வாசித்துக் காட்டியது.

பின்னாளில், 2018-இல், கிளைனென்பெர்க் இத்தகைய இடங்களுக்கெல்லாம் பொதுவாக 'சமூக உள்கட்டமைப்பு' என்ற சொல்லைப் பரவலாக்கினார். நூலகம், பூங்கா, சந்தை, விளையாட்டு மைதானம், தேநீர்க்கடை, வழிபாட்டிடம், படிக்கட்டு. நமக்குச் சொல்வதென்றால் திண்ணை, குழாயடி, முக்குப் பிள்ளையார் கோயில், இட்லிக்கடை, இஸ்திரி வண்டி. பாலமும் சாக்கடையும் எப்படி உள்கட்டமைப்போ அப்படியே இவையும் உள்கட்டமைப்பு என்பது அவர் வாதம். பேரிடரில் மீண்டெழும் திறன் என்று இன்று மாநாடுகளில் பேசப்படுவதன் பெரும்பகுதி, இவ்விடங்களில் அன்றாடம் சேமிக்கப்படும் பரிச்சயம்தான்.

*

இனி சென்னைக்கு வரலாம். தமிழ்நாடு குடிசை மாற்று வாரியம் 1970-இல் அமைக்கப்பட்டது. (2021-இல் அதன் பெயர் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று மாறியது.) தொடக்க ஆண்டுகளில் அது செய்த காரியத்தை இன்று திரும்பிப் பார்க்கையில் மதிக்கத் தோன்றுகிறது. குடிசைகள் இருந்த இடத்திலேயே, அல்லது மிக அருகில், மூன்று நான்கு மாடிக் குடியிருப்புகளை எழுப்பியது. நொச்சிக்குப்பத்து மீனவர்களுக்குக் கடலோரத்திலேயே வீடு கிடைத்தது. கட்டடங்களின் தரம் வேறு கதை. ஆனால் தொழிலும் பள்ளியும் அண்டையும் இடம் மாறவில்லை. 1970-களின் இறுதியில் உலக வங்கியின் உதவியோடு, குடிசைகளை அகற்றாமல் மேம்படுத்துவது, மனையும் அடிப்படை வசதியும் மட்டும் கொடுத்து வீட்டை மக்களே கட்டிக்கொள்ள விடுவது என்ற வழி வந்தது. 2000-ஐ ஒட்டி மூன்றாவது வழி முதன்மை பெற்றது: நகரின் நடுவிலிருந்து எடுத்துப் பழைய மாமல்லபுரம் சாலைப் பக்கம் கொண்டுபோய் வைப்பது. கண்ணகி நகர், செம்மஞ்சேரி, எழில் நகர், பெரும்பாக்கம் என்று அப்பட்டியல் நீண்டது. பழைய இருப்பிடத்திலிருந்து பலருக்கு 20, 25 கிலோமீட்டர் தொலைவு.

இவ்விடமாற்றங்களுக்குச் சொல்லப்பட்ட முக்கியமான காரணம் பாதுகாப்பு. 2004 ஆழிப்பேரலைக்குப் பின் கடலோரக் குடும்பங்கள் செம்மஞ்சேரிக்குப் போயின. 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பின் அடையாற்றங்கரைக் குடும்பங்கள் பெரும்பாக்கத்துக்குப் போயின. போன இடம் எது? பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் சுற்றுப்புறம். தென்சென்னையின் ஏரிகள் நிரம்பி வழியும் நீர் காலங்காலமாக வந்து தங்கும் தாழ்நிலம். வெள்ளத்திலிருந்து காப்பாற்றப்பட்டவர்கள் வெள்ளம் வந்து சேரும் இடத்தில் வைக்கப்பட்டார்கள். இந்த முரண் பலமுறை எழுதப்பட்டுவிட்டது. 2015-இலேயே செம்மஞ்சேரியும் பெரும்பாக்கமும் நீரில் நின்றன. என் கவலை அதற்கடுத்த தட்டில் இருக்கிறது. அந்த நிலம் மேடாகவே இருந்திருந்தாலும், சொட்டு நீர் தேங்காமல் இருந்திருந்தாலும், அவர்களிடமிருந்து ஒன்று பறிக்கப்பட்டுவிட்டது. அதைத் திட்ட அறிக்கையில் எழுத ஒரு பத்தியே கிடையாது.

ஆற்றங்கரையில் ஒரு பெண் நாலு வீட்டில் வேலை செய்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். அவள் திரும்பும்வரை குழந்தையைப் பக்கத்துக் குடிசைக் கிழவி பார்த்துக்கொள்கிறாள். கிழவிக்கு இரவுச்சோறு அங்கிருந்து போகிறது. முக்குக் கடையில் கடன் சொல்லலாம். கடைக்காரருக்குக் குடும்பத்தின் மூன்று தலைமுறை தெரியும். சீட்டு பிடிப்பவர் யார், ஆட்டோ ஓட்டுபவர் யார், நள்ளிரவில் பிரசவ வலி எடுத்தால் எந்தக் கதவைத் தட்ட வேண்டும் என்பதெல்லாம் யாரும் எழுதி வைக்காமலேயே தெரியும். குலுக்கலில் அந்தப் பெண்ணுக்கு ஒரு பிளாக்கில் ஏழாவது மாடி விழுகிறது. கிழவிக்கு இன்னொரு பிளாக்கில் நாலாவது மாடி. கடைக்காரருக்கு வீடே இல்லை. அவர் பெயர் கணக்கெடுப்பில் வரவில்லை. அரசின் பதிவேட்டில் இரண்டு குடும்பங்கள் நன்மையடைந்தவை. உண்மையில் ஒரு குழந்தைக் காப்பகம், ஒரு முதியோர் இல்லம், ஒரு வங்கி, ஓர் ஆம்புலன்ஸ் ஆகிய நான்கும் அதே நாளில் மூடப்பட்டுவிட்டன. இவற்றை மீண்டும் அரசுப்பணத்தில் கட்டுவதென்றால் என்ன செலவாகும் என்று யாரேனும் கணக்கிட்டால் நன்றாயிருக்கும்.

பெரும்பாக்கத்தின் எட்டுத்தளக் கட்டடங்களில் மின்சாரம் நின்றால் மின்தூக்கி நிற்கும், தண்ணீர் ஏற்றும் மோட்டார் நிற்கும். மேல்தளத்து முதியவருக்குக் குடத்தைத் தூக்கிக் கொடுக்கப் பரிச்சயமான ஒரு பிள்ளை அந்தப் படிக்கட்டில் வேண்டும். குலுக்கல் அந்தப் பிள்ளையை வேறு எண்ணுக்கு அனுப்பிவிட்டது. மாடிக் கட்டடமே தவறு என்பதல்ல என் வாதம். சிங்கப்பூரின் வீட்டுவசதிக் கழக அடுக்ககங்கள் இவற்றைவிட உயரமானவை. ஆனால் அங்கே பல பிளாக்குகளின் தரைத்தளத்தை வீடாக்காமல் திறந்த வெளியாக விட்டிருக்கிறார்கள். திருமணமும் துக்கமும் சதுரங்கமும் அரட்டையும் அங்கேதான். சதுர அடிக் கணக்கில் பார்த்தால் வீணான இடம். அந்த வீணான இடத்தில்தான் ஏழாவது மாடியும் நாலாவது மாடியும் சந்திக்கின்றன.

*

இதற்கெல்லாம் வலுவான மறுப்புகள் உண்டு. அவற்றைத் தாண்டாமல் மேலே போவது நேர்மையாகாது.

முதல் மறுப்பு: ஆற்றங்கரையில் மக்கள் செத்தால் பரவாயில்லையா? இல்லை. 2015-இல் அடையாறு ஏறியபோது முதலில் மூழ்கியவை அக்கரைக் குடிசைகள். நகர வேண்டிய இடத்திலிருந்து நகரத்தான் வேண்டும். எவ்வளவு தூரம், யாரோடு, எந்த முறையில் என்பனவே கேள்விகள். இன்னொன்றையும் நினைவுகூர வேண்டும். அந்த வெள்ளத்தில் வேளச்சேரியிலும் கோட்டூர்புரத்திலும் முடிச்சூரிலும் மாடிகளில் சிக்கியவர்களை மீட்கப் படகுகளோடு வந்தவர்களில் மீனவர்கள் கணிசமானோர். கடலோரக் குப்பங்களில் படகும் ஆளும் சேர்ந்து இருந்ததால்தான் அது முடிந்தது. பாதுகாப்புக் கருதி அவர்கள் அனைவரையும் கடலிலிருந்து அகற்றியிருந்தால், அந்த நாளில் மேல்தட்டு வர்க்கத்தின் பாதுகாப்பும் சேர்ந்து போயிருக்கும்.

இரண்டாவது மறுப்பு இன்னும் கடினமானது. அண்டை, ஊர், உறவு என்று உருகுகிறாயே, தமிழ்ச்சூழலில் அவற்றுக்குப் பெயர் சாதிதானே? திண்ணையைப் புகழ்பவர், அந்தத் திண்ணையில் யார் அமரக் கூடாது என்றிருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். 1948-இல் அரசியல் நிர்ணய சபையில் இந்தியக் கிராமத்தைப் போற்றியவர்களுக்கு அம்பேத்கர் தந்த கடுமையான மறுமொழியை இவ்விடத்தில் மறக்க முடியாது. இறுக்கமான சமூகம் உள்ளிருப்பவர்களுக்குத் துணை, வெளியிலிருப்பவர்களுக்குச் சுவர். குலுக்கல் அச்சுவரை உடைக்கிறதென்றால் அது நல்லதுதானே?

உடைத்தால் நல்லது. ஆனால் உடைக்கிறதா? 1998-இல் தொடங்கப்பட்ட சமத்துவபுரங்களை இங்கு நினைத்துப் பார்க்கலாம். ஒவ்வொன்றிலும் 100 வீடுகள். 40 தாழ்த்தப்பட்டோருக்கு, 25 பிற்படுத்தப்பட்டோருக்கு, 25 மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு, 10 பிறருக்கு. பொது மயானமும் சமுதாயக்கூடமும் அத்திட்டத்தின் பகுதிகள். அவை எவ்வளவு வென்றன என்பது தனிக்கட்டுரைக்குரிய பொருள். ஆனால் அங்கே கலத்தல் ஓர் அறிவிக்கப்பட்ட நோக்கம். அதற்கான பொது இடங்களும் சேர்த்தே வரையப்பட்டன. பெரும்பாக்கத்தில் நடந்ததற்குக் கலத்தல் என்று பெயரில்லை. ஏற்கெனவே சமூகத்தின் அடித்தட்டில் இருந்தவர்களை நகரின் எல்லா மூலைகளிலிருந்தும் திரட்டி ஓரிடத்தில் குவித்து, அந்தக் குவியலுக்குள் குலுக்கினார்கள். நகரின் நடுவில் மற்றவர்களோடு கலந்திருந்தவர்கள்தான் பிரித்து வெளியே அனுப்பப்பட்டார்கள். சேரியை ஊருக்கு வெளியே வைக்கும் பழைய வரைபடம் இதில் தெரியவில்லையா? 'கண்ணகி நகர்' என்ற முகவரியைச் சொன்னாலே வேலை மறுக்கப்பட்ட இளைஞர்களின் அனுபவங்கள் பத்திரிகைகளில் வந்திருக்கின்றன. ஆக இங்கே குலுக்கல் சாதியின் வெளிச்சுவரை அப்படியே விட்டுவிட்டு, உள்ளே இருந்த கைப்பிடியை மட்டும் உடைத்தது.

மூன்றாவது மறுப்பு நிர்வாகத்தினுடையது: குலுக்கல் இல்லாவிட்டால் ஊழல். இதை நான் ஒப்புக்கொள்கிறேன். ஒதுக்கீட்டு அதிகாரியின் மேசையைவிடக் குடமே மேல். ஆகவே குலுக்கலை ஒழிக்கச் சொல்லவில்லை. எதைக் குடத்தில் இடுகிறோம் என்பதை மாற்றச் சொல்கிறேன்.

*

இப்படிச் சிந்தித்த ஒருவர் நூறாண்டுகளுக்கும் முன்னமே நம் மண்ணில் நடந்து சென்றிருக்கிறார். ஸ்காட்லாந்தைச் சேர்ந்த பாட்ரிக் கெடிஸ். உயிரியலாளராகத் தொடங்கி நகரமைப்புக்கு வந்தவர். சென்னை மாகாண ஆளுநர் பென்ட்லண்ட் பிரபு அழைத்ததன்பேரில் 1914-இல் இந்தியா வந்தார். நகரமைப்பைப் பற்றி அவர் பல ஆண்டுகள் திரட்டிய கண்காட்சிப் பொருட்கள் தனியாக ஒரு கப்பலில் வந்துகொண்டிருந்தன. அக்கப்பலை அரபிக்கடலில் மூழ்கடித்தது வேறெதுவுமல்ல, அதற்குச் சில வாரங்கள் முன்பு சென்னையைக் குண்டுவீசிக் கலங்கடித்த அதே எம்டன். கெடிஸ் தளரவில்லை. நண்பர்கள் புதிதாகத் திரட்டி அனுப்பியவற்றைக் கொண்டு 1915 தொடக்கத்தில் சென்னையில் கண்காட்சியை நடத்திவிட்டு, மாகாணத்தின் ஊர்களைப் பார்க்கக் கிளம்பினார்.

தஞ்சாவூரில் நெரிசலான குடியிருப்புகளை ஊடறுத்து நேர்த்தெருக்கள் அமைக்கும் திட்டம் இருந்தது. கெடிஸ் ஒவ்வொரு சந்தாக நடந்தார். எந்த வீடு உறுதியானது, எந்தச் சுவர் இடிந்தது, எங்கே மரம் நிற்கிறது, எங்கே சிறு கோயில் இருக்கிறது என்று குறித்தார். பாழடைந்தவற்றை மட்டும் நீக்கி, கிடைத்த வெளியைச் சிறு முற்றங்களாக்கி, ஒரு மரம் வைத்து, சந்துகளைச் சற்றே அகலப்படுத்தினால் போதும் என்று காட்டினார். செலவும் பெரிய திட்டத்தைவிட மிகக் குறைவு. பெரும்பாலான குடும்பங்கள் இருந்த இடத்திலேயே இருக்கலாம். இம்முறையை அவர் 'காக்கும் அறுவை' என்ற பொருளில் ஒரு மருத்துவச் சொல்லால் குறித்தார். நல்ல அறுவை மருத்துவர் எதை வெட்டக் கூடாது என்பதை முதலில் தெரிந்துகொள்கிறார் அல்லவா?

நம் அரசில் இதற்கான துறைக்கு 'நகர் ஊரமைப்பு' என்று பெயர். யார் சூட்டினாரோ, நல்ல பெயர். நகர் என்பது மனையும் சாலையும் குழாயும். ஊர் என்பது அவற்றோடு மனிதர்களின் பரிச்சயமும் சேர்ந்தது. கெடிஸ் இரண்டையும் ஒரே வரைபடத்தில் பார்த்தார். பின்னால் வந்தவர்கள் முதல் சொல்லை வைத்துக்கொண்டு இரண்டாவதைக் கைவிட்டார்கள் என்று தோன்றுகிறது.

*

செய்யக்கூடியதுதானா? செய்திருக்கிறார்கள். கோபேயின் தனிமைச் சாவுகளிலிருந்து ஜப்பான் கற்ற பாடம் 2011 ஆழிப்பேரலைக்குப் பின் பயன்பட்டது. இவநூமா என்ற சிறு நகரில் கடலோரச் சிற்றூர்களின் மக்கள் கூடியவரை குழுவாகவே தற்காலிக வீடுகளுக்கு மாற்றப்பட்டார்கள். வேறு சிலர் குலுக்கல் மூலமோ தாமாகத் தேடியோ தனித்தனியே போனார்கள். பேரலைக்கு முன்பே அந்நகரின் முதியோரிடம் தற்செயலாக ஓர் ஆய்வு நடந்திருந்ததால் முன்னையும் பின்னையும் ஒப்பிட முடிந்தது. 2017-இல் வெளியான முடிவு இது: குழுவாகப் போனவர்களிடம் நட்பும் கூடிப்பழகலும் வளர்ந்தன; தனித்தனியே போனவர்களிடம் குறைந்தன. பேரலை இருதரப்புக்கும் ஒன்றே. ஒதுக்கிய முறைதான் வேறு.

நாமும் இப்படிச் செய்யலாம். அகற்றப்படும் குடியிருப்பில் மக்களே இருபது, முப்பது குடும்பங்கள் கொண்ட குழுக்களாகத் தம்மைப் பதிந்துகொள்ளட்டும். யாரோடு இருக்க விருப்பம் என்பதை அவர்கள்தான் சொல்ல வேண்டும். பழைய அண்டையிலிருந்து தப்பிக்க விரும்புபவருக்கு, குறிப்பாகப் பெண்களுக்கு, வேறு குழுவில் சேரும் உரிமை வேண்டும். ஒரு குழுவுக்கு ஒரு சீட்டு. எந்தப் பிளாக், எந்தப் படிக்கட்டு என்பதைக் குடம் தீர்மானிக்கட்டும். படிக்கட்டுக்குள் எந்தத் தளம் யாருக்கு என்பதைக் குழு தீர்மானிக்கட்டும். முடியாதவர்கள் கீழே, முடிந்தவர்கள் மேலே. தரைத்தளத்தில் சில அறைகளைக் கடைக்கும் பால்வாடிக்கும் வெற்றுக்கூடத்துக்கும் விடட்டும். கல்வியாண்டின் நடுவில் யாரையும் நகர்த்தாதிருக்கட்டும். இவற்றுக்கெல்லாம் கூடுதல் சிமெண்ட் தேவையில்லை. அதிகாரிக்குக் கூடுதலாகச் சில வாரப் பொறுமை தேவை. எல்லாவற்றுக்கும் முன்பாக, பழைய இடத்துக்குச் சில கிலோமீட்டருக்குள் நிலம் தேடும் கடமையும் இருக்கிறது. அதுதான் பணம் கேட்கும்.

குலைந்த அண்டை தானாக மறுபடி முளைக்காதா என்று கேட்கலாம். முளைக்கும். கண்ணகி நகரிலிருந்து கிளம்பிய கபடி வீராங்கனை ஒருவர் 2025-இல் பஹ்ரைனில் ஆசிய இளையோர் விளையாட்டில் தங்கம் வென்ற இந்திய அணியில் ஆடினார். அக்குடியிருப்பே அவரைக் கொண்டாடியது. பழிச்சொல்லாயிருந்த முகவரி பெருமையாயிற்று. ஆனால் அந்நகர் உருவாகிக் கால் நூற்றாண்டு ஆகிவிட்டது. ஒரு தலைமுறை அங்கேயே பிறந்து வளர்ந்து பயிற்சிக்கு இடமும் கண்ட பிறகுதான் அது நடந்தது. அடுத்த புயல் அவ்வளவு காலம் காத்திருப்பதில்லை.

உத்திரமேரூர்க் கல்வெட்டில் நம் மேடைப்பேச்சாளர்கள் விட்டுவிடும் ஒரு செய்தி உண்டு. அந்த ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. குடும்பு என்றால் இன்றைய வார்டு போல. ஓலைகள் குடும்பு வாரியாகக் கட்டப்பட்டு, குடும்பின் பெயர் எழுதிய வாயோலையும் சேர்க்கப்பட்டு, அதன் பிறகே குடத்துக்குள் சென்றன. குலுக்கலுக்கு முன்னால் அவர்கள் ஊரை எண்ணியிருக்கிறார்கள். தலைகளை மட்டும் எண்ணவில்லை. ஆயிரம் ஆண்டுப் பெருமையாக அக்கல்வெட்டைக் காட்டிக்கொண்டிருக்கும் நாம், அதிலிருந்து இந்த ஒரு வரியையாவது ஒதுக்கீட்டு ஆணையில் சேர்த்துக்கொள்ளலாம்.